நிக்கல் கலத்தில் 29 விழுக்காடு மிகை வெப்பம்: எங்கே தவறு செய்கிறேன்?

நிக்கல்சுருள் கேட்கிறார்:

குளிர் இணைவை, அதாவது அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவைச் சாதித்துவிட்டேன் என்று மார்தட்ட வரவில்லை. ஒன்பது நாளாக ஓர் எண் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அதை யாராவது உடைத்துக் கொடுத்தால் நிம்மதியாகத் தூங்குவேன். உடைக்க முடியவில்லை என்றால் அதைவிட மகிழ்ச்சி.

நான் வேதியியல் படித்தவன் அல்லன். பழுதான மின்சுற்றுப் பலகைகளைச் சரிசெய்வது என் பிழைப்பு. அதனால் வோல்ட், ஆம்பியர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் கொஞ்சம் உண்டு. 1989 மார்ச் 23 அன்று ஃபிளைஷ்மானும் பான்ஸும் யூட்டா பல்கலைக்கழகத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் குளிர் இணைவு கண்டதாகச் சொன்ன செய்தியை என்றைக்குப் படித்தேனோ, அன்றிலிருந்து கை துறுதுறுத்துக்கொண்டே இருந்தது. அவர்களுடையது பல்லேடியமும், டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் அடங்கிய கனநீரும். நமக்கு அதெல்லாம் எட்டாத உயரம். சாதாரண நீர், நிக்கல் எதிர்மின்வாய், பொட்டாசியம் கார்பனேட் கரைசல் ஆகியவற்றை வைத்தே மிகை வெப்பம் (கணக்குப்படி வர வேண்டியதைவிடக் கூடுதலான வெப்பம்) கண்டதாக 1991-இல் ஒரு கட்டுரை வந்தது என்று தெரிந்ததும், விரலுக்கேற்ற வீக்கம் இதுதான் என்று இறங்கிவிட்டேன்.

கலம் இப்படி: தெர்மாஸின் உள்ளே இருக்கும் இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவை. அதில் 200 மில்லிலிட்டர் கரைசல், 0.6 மோலார். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நிக்கல் கம்பி 3 மீட்டர், சுருளாகச் சுற்றி எதிர்மின்வாய். சுருளின் நடுவே பிளாட்டினம் பூசிய டைட்டேனியம் வலை நேர்மின்வாய். மேலே ரப்பர் மூடி. அதில் வாயு வெளியேற ஒரு மெல்லிய குழாய். குடுவை முழுவதும் 27.0 டிகிரியில் நிறுத்திய நீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு நிற்கிறது. அடியில் ஒரு காந்தக் கலக்கி மெதுவாகச் சுற்றுகிறது.

அளவுத்திருத்தத்துக்காக, அதாவது எத்தனை வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்று அறிய, கண்ணாடிக் குழாயில் அடைத்த ஒரு மின்தடையை அதே கரைசலில் இறக்கி 0.2, 0.4, 0.6 வாட் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் 12 மணி நேரம் நிலைக்கவிட்டுப் பார்த்ததில் 2.2, 4.4, 6.6 டிகிரி ஏற்றம். வாட்டுக்கு 11 டிகிரி. வரைதாளில் மூன்று புள்ளிகளும் கோடு கிழித்தாற்போல் உட்கார்ந்தன. அதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியில்தான் நான் கெட்டேனோ என்னவோ.

இப்போது கலம். மின்னோட்டம் 0.20 ஆம்பியர், மாறா மின்னோட்ட வழங்கியிலிருந்து. மின்னழுத்தம் 3.1 வோல்ட். ஆக உள்ளே போவது 0.62 வாட். நீரைப் பிரிக்கச் செலவாகும் பங்கு, அதாவது 1.48 வோல்ட்டை 0.2 ஆம்பியரால் பெருக்கினால் 0.296 வாட், வாயுவோடு வெளியே போய்விடும். மிச்சம் 0.324 வாட் வெப்பமாக வர வேண்டும். வெப்பமானி காட்டுவதோ 4.6 டிகிரி ஏற்றம், அதாவது 0.418 வாட். 94 மில்லிவாட் மிகை. 29 விழுக்காடு. என் வெப்ப அளவீட்டின் பிழை பத்து மில்லிவாட்டுக்கு மேல் இல்லை.

இன்னும் மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன. முதல் ஐந்து நாள் மிகை ஒன்றும் இல்லை. நிக்கல் கம்பி மெல்ல மெல்லக் கருத்த பிறகுதான் தலைகாட்டியது. மின்னோட்டத்தை 0.5 ஆம்பியருக்கு ஏற்றினால் வர வேண்டிய 1.11 வாட்டுக்கு 1.13 வாட் வருகிறது, மிகை கிட்டத்தட்டக் காணாமல் போகிறது, மறுபடி 0.2-க்கு இறக்கினால் திரும்பி வருகிறது. கலக்கியின் வேகத்தைக் கூட்டினால் ஏற்றம் 4.9 டிகிரி ஆகிறது. கலக்கியே சூடாக்குகிறதோ என்று மின்தடையை வைத்தும் பார்த்துவிட்டேன்; அதே வேகத்துக்கு 0.05 டிகிரிகூட ஏறவில்லை.

நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன். வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது. எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.

கனநீர்க்காரன் எழுதியது:

வாழ்த்துகள் ஐயா. ஐந்து நாள் காத்திருப்பு, பிறகு மிகை: இது எல்லோரும் சொல்லும் அடையாளம்தான். உலோகத்துக்குள் ஹைட்ரஜன் நிறைவதற்கு நாளாகும். நிக்கலோடு நின்றுவிடாதீர்கள். எப்பாடு பட்டாவது பல்லேடியத்துக்கும் கனநீருக்கும் போங்கள். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது பாவம்.

பழைய கலோரிமீட்டர் எழுதியது:

நிக்கல்சுருள் ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு விவரம் கொடுத்துக் கேட்பவர்கள் அரிது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

உள்ளே போனது 0.62 வாட். வெளியே வந்தது 0.418 வாட். கொடுத்ததைவிட வந்தது குறைவு. அப்படியானால் மிகை எங்கிருந்து வந்தது? 0.296 வாட்டை நீங்கள் காகிதத்தில் கழித்தீர்களே, அந்தக் கழித்தலிலிருந்து. கலத்தில் நீங்கள் அளந்தவை மூன்று: மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை. நான்காவதாக ஒன்றை அளக்காமலே நம்பிவிட்டீர்கள். பிரிந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சிந்தாமல் சிதறாமல் குழாய் வழியே வெளியே போய்விட்டன என்பதுதான் அது.

போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்மின்வாயில் பிறக்கும் ஆக்சிஜனில் ஒரு பகுதி கரைசலில் கரைந்து, ஒரு விரற்கடை தள்ளி இருக்கும் நிக்கல் கம்பியை அடைகிறது. அங்கே மறுபடி நீராகிறது. நீரைப் பிரிக்கச் செலவிட்ட ஆற்றல் அங்கேயே வெப்பமாகத் திரும்புகிறது. உங்கள் 94 மில்லிவாட்டை 296-ஆல் வகுத்தால் 32 விழுக்காடு வாயு உள்ளேயே மீண்டும் சேர்ந்தால் போதும், கணக்கு நேராகிவிடும்.

இப்போது உங்களை உறுத்தும் மூன்றையும் இதே கண்ணால் பாருங்கள். உங்கள் சுருளின் பரப்பு சுமார் 47 சதுர சென்டிமீட்டர், 0.2 ஆம்பியரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லியாம்பியர் அளவுதான் ஓடுகிறது. கரைந்த ஆக்சிஜன் கம்பியை வந்தடையும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மின்னோட்டம் சிறிதாக இருக்கும்போது அந்த வரவு பெரும் பங்கு. மின்னோட்டத்தைக் கூட்டினால் வரவு அப்படியேதான் இருக்கும், பங்கு சுருங்கிவிடும். போதாததற்கு, கம்பியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகளின் கூட்டம் ஆக்சிஜனை அண்டவிடாமல் தள்ளும். கலக்கியை வேகமாகச் சுற்றினால்? ஆக்சிஜனைக் கம்பியிடம் நீங்களே கொண்டுபோய் ஊட்டுகிறீர்கள். கம்பி கருத்தது கரைசலில் இருந்த அழுக்கு உலோகங்கள் படிந்ததால் இருக்கலாம். சொரசொரப்பான கரும்படிவு இந்த வேலைக்கு வழவழப்பான நிக்கலைவிடக் கெட்டிக்காரன்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. 1995-இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தார் உங்களுடையது போன்ற கலங்களை வைத்து இதையே காட்டினார்கள். இரு மின்வாய்களுக்கும் நடுவே வாயு கடக்காதபடி தடுப்பு வைத்ததும் மிகை வெப்பம் அணைந்தது. அந்தக் குழுவில் ஒருவரான ஸ்டீவன் ஜோன்ஸ், 1989-இல் யூட்டாக்காரர்களோடு போட்டிபோட்டுத் தானும் சிறிதளவு நியூட்ரான்களைக் கண்டதாகச் சொன்னவர். குளிர் இணைவை வெறுத்து ஒதுக்கியவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

சரி, எப்படிச் சோதிப்பது? உங்களிடம் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். குறைந்த நீரை ஈடுகட்டக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றியிருப்பீர்களே, எவ்வளவு? 0.2 ஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 17,280 கூலும். ஃபாரடே விதிப்படி 1.61 கிராம் நீர் பிரிந்து போக வேண்டும். வாயுவோடு ஆவியாகப் போவது இன்னும் 0.1 கிராம். ஒன்பது நாளைக்கு 15 மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் மேல். குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

வாயுவையும் பிடித்துப் பாருங்கள். குழாயின் நுனியை நீருக்குள் கவிழ்த்த அளவு உருளைக்குக் கீழே விட்டால் போதும். 0.2 ஆம்பியருக்கு 27 டிகிரியில், நீராவியையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு 143 மில்லிலிட்டர் வர வேண்டும். அந்த உருளையில் இருப்பது வெடிக்கும் விகிதத்திலேயே கலந்த வாயு. அளந்ததும் சன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள், பக்கத்தில் பொறி கூடாது.

கலத்தை மூடி, உள்ளே வினையூக்கி வைத்து வாயுவைத் திரும்ப நீராக்கலாம் என்ற யோசனை உங்களுக்கு அடுத்து வரும். அவசரப்படாதீர்கள். வினையூக்கி நனைந்துவிட்டால் வேலை செய்யாது. வாயு சத்தமில்லாமல் சேரும். 1992 சனவரியில் கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகத்தில் இப்படி ஒரு கலம் வெடித்து ஓர் ஆய்வாளர் இறந்தார். அணுக்கரு ஒன்றும் இல்லை, டியூட்டீரியமும் ஆக்சிஜனும் சேர்ந்து வெடித்ததுதான். அவர்கள் கைதேர்ந்தவர்கள்.

கனநீர்க்காரன் எழுதியது:

ஐயா, எல்லா மிகை வெப்பத்தையும் இந்த ஒரே கோலால் அடித்துவிட முடியுமா? எஸ்.ஆர்.ஐ. கலங்கள் மூடியவை. அவற்றில் கழித்தலே இல்லையே. நீர்க் கணக்கிலும் ஆவி, சாரல் என்று ஆயிரம் குளறுபடி உண்டு.

பழைய கலோரிமீட்டர் எழுதியது:

முதல் கேள்வி நியாயமானது. மூடிய கலங்களுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. நான் பேசியது இந்த நிக்கல் கலத்தைப் பற்றி மட்டும். மூடிய கலத்துக்கு வேறு வியாதிகள் உண்டு. என்னுடைய மூடிய கலம் ஒன்று இரண்டு வாரம் எனக்கு மிகை காட்டியது. வினையூக்கி இருந்த மேல்பகுதியில் பிறக்க வேண்டிய வெப்பம் திரவத்துக்குள் பிறக்கத் தொடங்கியிருந்தது. நான் அளவுத்திருத்தம் செய்தபோது இருந்த வெப்பப் பாதை மாறிவிட்டது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று, அந்த மூன்று மாதமும் நான் மனிதர்களோடு பேசத் தகுதியற்றவனாக இருந்தேன்.

பல்லேடியத்தில் மிகை கண்டதாகச் சொல்பவர்களே, ஒரு பல்லேடிய அணுவுக்கு 0.9 டியூட்டீரியம் அணுவாவது நிறைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த நிறைவை எட்டுவதும், எட்டியதைக் கம்பியின் மின்தடையைக் கொண்டு அறிவதும் தனி வித்தை. கூகுள் பணம் கொடுத்து, சுமார் 30 ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் உழைத்து, 2019-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: மிகை வெப்பத்துக்குச் சான்று கிடைக்கவில்லை என்று. டியூட்டீரியம் அணுக்கள் நாம் அறிந்த வழியில் இணைந்து ஒரு வாட் தருமானால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நியூட்ரான்கள் கிளம்பும். கலத்தின் பக்கத்தில் நிற்பவர் முடிவை எழுத உயிரோடு இருக்கமாட்டார்.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஆவியும் சாரலும் நீரை அதிகமாகத்தான் கொண்டுபோகும். குறைத்துக் காட்டாது.

நிக்கல்சுருள் எழுதியது:

குறிப்பேட்டைப் புரட்டினேன்.

காலை ஏழு மணிக்குக் கலத்தின் கோட்டுக்கு நீர் மட்டம் வரும்வரை 2 மில்லிலிட்டர் ஊசிக்குழலால் நீர் விடுவது என் வழக்கம். பக்கத்தின் வலது ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: 1.2, 1.1, 1.2, 1.2, 1.1, 1.2, 1.1, 1.2, 1.2. கூட்டினால் 10.5. வர வேண்டியது 15-க்கு மேல். ஐந்து மில்லிலிட்டர் நீர் என் கலத்தை விட்டுப் போகவே இல்லை. எழுதியவன் நான், ஒன்பது நாளும் கூட்டிப் பார்க்காதவனும் நான். வெப்பநிலைக்கு மட்டும் சிவப்பு மையில் பெரிய எழுத்து, கீழே இரட்டைக் கோடு வேறு.

அதற்கு முந்தைய பக்கத்தையும் பார்த்தேன், மிகை இல்லாத முதல் ஐந்து நாளை. 1.7, 1.6, 1.7, 1.7, 1.6. கம்பி கருக்கத் தொடங்கியதும் நீர் குறைந்திருக்கிறது. கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது.

இருந்தாலும் வாயுவை அளக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு நாள் கொடுங்கள்.

அலைமுகம் எழுதியது:

ஐயா, நேர்மின்னோட்டத்தில் செய்ததால் ஒரு பெரிய குழியில் விழாமல் தப்பித்தீர்கள். நான் விழுந்தவன், அதனால் இதையும் இங்கே போட்டுவைக்கிறேன். நாளைக்கு யாராவது நிக்கல் தூளையும் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடையும் பீங்கான் குழாயில் அடைத்துச் சூடேற்றத் தொடங்கும்போது உதவும்.

என் சூடேற்றியை டிரையாக் என்ற மின்னணுச் சாவி வைத்த கட்டுப்படுத்தி வழியாக ஓட்டினேன். அது ஒவ்வொரு அரை அலையிலும் பாதியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பும். என் மல்டிமீட்டர் சராசரியை அளந்து, அலை முழுசாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு எண்ணைக் காட்டும் வகை. பாதி வெட்டிய அலையில் அது 29 விழுக்காடு குறைத்துக் காட்டும். மின்னழுத்தத்திலும் 29 குறைவு, மின்னோட்டத்திலும் 29 குறைவு. இரண்டையும் பெருக்கினால் உண்மைத் திறனில் சரியாகப் பாதி. உள்ளே ஒரு பங்கு, வெளியே இரண்டு பங்கு! அன்றிரவு நண்பர்கள் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். உண்மையான ஆர்.எம்.எஸ். மதிப்பை, அதாவது அலை எந்த வடிவில் இருந்தாலும் சூடேற்றும் வலிமைக்குரிய மதிப்பை, அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி மாட்டியதும் எல்லாம் முடிந்தது. எழுப்பிவிட்டவர்களுக்குத் திரும்பச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று.

வெப்பத்தைக் கேமராவால் அளப்பவர்களுக்கும் ஒரு சொல். இதேபோல் நிக்கல் தூள் அடைத்த குழாய் ஒன்றைச் சோதித்த 2014-இன் லுகானோ அறிக்கையில் அலுமினாக் குழாயின் வெப்பநிலையை அகச்சிவப்புக் கேமராவால் எடுத்தார்கள். கேமரா பார்க்கும் அலைநீளத்தில் அலுமினாவின் உமிழ்திறன் (வெப்பக் கதிரை வெளிவிடும் திறன்) 0.9-ஐ ஒட்டி இருக்கும். கேமராவுக்குக் கொடுத்ததோ எல்லா அலைநீளங்களுக்குமான, பாதியைவிடக் குறைந்த மதிப்பு. உமிழ்திறனைக் குறைத்துச் சொன்னால் கேமரா வெப்பநிலையைக் கூட்டிச் சொல்லும். அந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்கோடு கதிர்வீச்சு வளரும். அதே வடிவத்தில் எரிபொருள் இல்லாத ஒரு குழாயைச் செய்து ஆர்வலர் குழு ஒன்று இதைச் சோதித்துக் காட்டியது. வெறுங்குழாயை முதலில் ஓட்டுங்கள். அது சலிப்பான வேலை, தெரியும்.

நிக்கல்சுருள் எழுதியது:

முடிந்தது.

0.2 ஆம்பியர், ஒரு மணி நேரம், நான்கு முறை: 98, 96, 97, 97 மில்லிலிட்டர். வர வேண்டியது 143. அதாவது 68 விழுக்காடுதான் வெளியே வருகிறது. 32 விழுக்காடு உள்ளேயே நீராகிறது. பழைய கலோரிமீட்டர் ஐயா வாயுவைப் பார்க்காமலே சொன்ன அதே 32. அளவு உருளையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன், ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று. 0.5 ஆம்பியரில் 20 நிமிடத்துக்கு 119 வர வேண்டும், 114 வந்தது. ஆக ஓட்டை உருளையில் இல்லை.

கணக்கைத் திருத்தினேன். வாயுவோடு உண்மையில் போவது 0.201 வாட். வர வேண்டிய வெப்பம் 0.419. வந்தது 0.418. ஒரு மில்லிவாட் நட்டம்.

மனசு கேட்கவில்லை, தடுப்பையும் வைத்துப் பார்த்தேன். மெருகு பூசாத, துளைகள் கசியும் சிறு பீங்கான் குவளை ஒன்றை நேர்மின்வாய்க்கும் சுருளுக்கும் நடுவே நிறுத்தி, குவளையின் வாயைக் கரைசல் மட்டத்துக்கு மேலே வைத்தேன். குவளையின் தடையால் மின்னழுத்தம் 3.3 வோல்ட்டுக்கு ஏறியது. உள்ளே 0.66 வாட், வாயு எல்லாம் வெளியே போனால் 0.364 வாட் வெப்பம், 4.0 டிகிரி ஏற்றம். 12 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது வெப்பமானி 31.0. கலக்கியை வேகப்படுத்தினேன். 31.0. கம்பி அதே கருப்புக் கம்பிதான், எதையும் துடைக்கவில்லை.

கனநீர்க்காரன் தம்பிக்கு: பல்லேடியம் இப்போது இல்லை. வாயுவை நாள் முழுக்கத் தானே அளந்து எழுதும் ஒரு கருவி வேண்டும், அதைச் செய்துவிட்டுப் பேசுகிறேன். குமிழி ஒவ்வொன்றாக எண்ணும் ஒளி உணரி ஒன்று மேசையில் கிடக்கிறது. அலைமுகம், உங்களிடம் அந்த ஆர்.எம்.எஸ். மீட்டர் இன்னும் இருக்கிறதா? என் மின்வழங்கியின் வெளியீட்டில் சிற்றலை (நேர்மின்னோட்டத்தின் மேல் ஏறிவரும் சிறு ஏற்ற இறக்கம்) இருக்கிறதா என்று நான் இதுவரை பார்க்கவே இல்லை.